ஆழமில்லாக் கடலில் கத்திப் பயனில்லை

கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று உங்களுக்கு என்றைக்காவது முழுசாகப் புரிந்திருக்கிறதா? எனக்குப் புரிந்ததில்லை. கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், சுற்றிலும் வழவழப்பான சுவர். சொன்ன ஒரு வார்த்தை நாலு வார்த்தையாகத் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பின்வரிசையிலிருந்து பெரியப்பா யாராவது "ஒண்ணும் கேக்கல" என்று கை ஆட்டுவார். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் உடனே வால்யூமை ஏற்றுவார். பேச்சும் ஏறும், எதிரொலியும் அதே அளவு ஏறும். பெரியப்பாவுக்கு முன்பு கேட்காதது இப்போது சத்தமாகக் கேட்காமல் போகும்.

சில மண்டபங்களிலும் சர்ச்சுகளிலும் வேறு மாதிரி ஸ்பீக்கர் பார்த்திருப்பீர்கள். ஆளுயரத்துக்கு ஒல்லியான பெட்டி, உள்ளே ஆறேழு சின்ன ஸ்பீக்கர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. காலம் ஸ்பீக்கர் என்பார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடும்போது சத்தம் கூரைக்கும் தரைக்கும் அதிகம் போகாமல் நேராக ஜனங்களை நோக்கிப் போகிறது. வால்யூம் குறைவு, ஆனால் வார்த்தை புரியும்.

இந்தக் கட்டுரை அந்த ஒல்லிப் பெட்டியைப் பற்றியதுதான். பெட்டி மட்டும் கடலுக்குள் இருக்கிறது.

பி.காம். படிக்கிறவனுக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். அர்ணாலா கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஆழம் குறைந்த நீரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்றே திட்டமிட்ட 16 கப்பல்களில் முதலாவது. நம்ம காட்டுப்பள்ளித் தளத்தில் கட்டியது. ஆழம் குறைவான கடலுக்கு எதற்குத் தனியாக ஒரு கப்பல்? ஆழம் குறைந்தால் தேடுவது சுலபம்தானே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போய், கப்பலை விட்டுவிட்டு ஒலியில் மாட்டிக்கொண்டேன். பதில் என்னவென்றால், சுலபமே இல்லை. ஆழமில்லாக் கடல் ஒரு கல்யாண மண்டபம்.

எப்படி என்று சொல்கிறேன். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 100 மீட்டர் ஆழமுள்ள கடல், அடியில் மணல், மணலில் ஒலியின் வேகம் 1700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீருக்கு மேலே காற்று. அதில் பட்ட ஒலி கிட்டத்தட்ட மொத்தமும் கீழே திரும்பிவிடும். மணலில் படுகிற ஒலியும், கடலடியோடு 28 டிகிரிக்குக் குறைவான சாய்வில் வந்தால், மேலே திரும்பிவிடும். ஆக மேலும் கீழும் மாறி மாறி மோதிக்கொண்டே ஒலி வெகுதூரம் போகிறது. போகட்டும், நல்லதுதானே என்றால், எல்லாச் சாய்வுகளும் இதில் பிழைப்பதில்லை. மேலும் கீழும் போய்வருகிற அலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற சில குறிப்பிட்ட சாய்வுகள் மட்டுமே நிலைக்கின்றன. அப்படி நிலைக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் மோடு.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொடிக்கயிறு போதும். இரண்டு முனையும் கட்டிய கயிறு ஒரே வயிறாக ஆடலாம், அல்லது இரண்டு வயிறாக, மூன்று வயிறாக. கடலின் முதல் மோடில் ஒலியின் அழுத்தம் நடுநீரில் உச்சம், நீர்மட்டத்தில் பூச்சியம், அடியில் கொஞ்சம். இரண்டாவது மோடில் மேல்பாதி தள்ளும்போது கீழ்பாதி இழுக்கும். இப்படியே மேலே மேலே. நான் சொன்ன கடலில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஆறு மோடுகள் உண்டு. ஏழாவது மோடுக்கு 100 ஹெர்ட்ஸ் போதாது, 104 ஆவது வேண்டும். எல்லாவற்றிலும் சின்னதான முதல் மோடுக்கே 8 ஹெர்ட்ஸ் வேண்டும். அதற்கும் கீழான ஒலி அந்தக் கடலில் தொலைவு போகாது, மணலுக்குள் கசிந்துவிடும்.

இதையெல்லாம் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் பெக்கரிஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கரையோரத்தில் வெடி வைத்துப் பதிவு செய்த ஒலிகள் விசித்திரமாக நீண்டு, நெளிந்து வந்தன. ஒரே ஒரு வெடி, ஆனால் வந்து சேர்ந்தது ஒரு முழு ஊர்வலம். அதை விளக்கி 1948இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் இந்தத் துறையில் பாலபாடமாக வைத்திருக்கிறார்கள். மணலும் நீருமாக இரண்டே அடுக்குள்ள இந்த எளிய கடலுக்குப் பெக்கரிஸ் கடல் என்றே பெயர் போலாகிவிட்டது.

ஊர்வலம் ஏன் வருகிறது? ஒவ்வொரு மோடும் ஒவ்வொரு சாய்வு. முதல் மோடின் சாய்வு சுமார் 4 டிகிரி. ஆறாவதுக்கு 25 டிகிரி. தட்டையாகப் போகிறவன் சீக்கிரம் போவான், மேலும் கீழும் துள்ளுகிறவன் பின்தங்குவான். 10 கிலோமீட்டர் போவதற்குள் முதல் மோடுக்கும் ஆறாவது மோடுக்கும் அரை நொடிக்கு மேல் இடைவெளி விழுந்துவிடுகிறது. நீருக்கடியில் தகவல் அனுப்புகிறவனுக்கு அரை நொடி என்பது ஒரு யுகம். முதல் எழுத்தின் ஆறாவது மோடும் பத்தாவது எழுத்தின் முதல் மோடும் ஒன்றாக வந்து கதவைத் தட்டும். மண்டபம்தான்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு தடவை கடலடியில் மோதும்போதும் மணல் ஒரு கமிஷன் எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சத்தைக் கண்ட திசையில் சிதறடிக்கும். 10 கிலோமீட்டருக்குள் முதல் மோடு அடியைத் தொடுவது மூன்று நான்கு தடவைதான். ஆறாவது மோடு 23 தடவை தொடுகிறது. மூன்று புரோக்கர் வழியாகப் போகிற சரக்குக்கும் இருபத்துமூன்று புரோக்கர் வழியாகப் போகிற சரக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதில் மோசம் என்னவென்றால், சிதறடித்த கமிஷன் சும்மா போவதில்லை, அனுப்பியவனிடமே இரைச்சலாகத் திரும்பி வருகிறது. எதிர்முழக்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். சோனார் தேடுகிற பொருளிலிருந்து வரும் எதிரொலி இந்த எதிர்முழக்கத்துக்குள் முங்கிப் போகிறது. சத்தத்தை இரட்டிப்பாக்கினால் எதிரொலி இரட்டிப்பு, எதிர்முழக்கமும் இரட்டிப்பு. விகிதம் அப்படியே. கப்பல் இன்ஜின், மழை, அலை போன்ற வெளி இரைச்சல்தான் பிரச்சினை என்றால் சத்தத்தைக் கூட்டுவதில் நியாயம் உண்டு. சொந்த எதிர்முழக்கத்தில் மூழ்குகிறவன் சத்தத்தைக் கூட்டுவது, வட்டி கட்ட வட்டிக்கு வாங்குவது மாதிரி.

ஆகவே என் கட்சி இது. ஆழமில்லாக் கடலில் காசைச் சத்தத்தில் போடாதீர்கள், சத்தத்தின் வடிவத்தில் போடுங்கள். ஆறு மோடுகளையும் எழுப்பிவிட்டு அவை படுத்தும் பாட்டைச் சமாளிப்பதற்குப் பதிலாக, வேண்டிய ஒரே ஒரு மோடை மட்டும் எழுப்புங்கள்.

அது எப்படி முடியும்? வீணைக் கம்பியை எங்கே மீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் நாதம் மாறும் அல்லவா, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு மோடு எந்த ஆழத்தில் பூச்சியமோ அந்த ஆழத்தில் ஒலிபரப்பியை வைத்தால் அந்த மோடு எழவே எழாது. நம் கடலில் சுமார் 54 மீட்டர் ஆழத்தில் ஒன்றை வைத்தால் இரண்டாவது மோடு எழாது, நாலும் ஆறும் நோஞ்சானாக எழும். ஆனால் 1, 3, 5 மூன்றும் ஜோராக எழுந்துவிடும். ஒரே ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் முடியாது.

எனவே மேலிருந்து அடிவரை ஒரு வரிசை. ஒவ்வொரு ஒலிபரப்பியும் அது இருக்கும் ஆழத்தில் முதல் மோடு எவ்வளவோ அவ்வளவு மட்டும் சத்தம் போட வேண்டும். மேலே இருப்பது மெதுவாக, நடுவில் இருப்பது பலமாக, அடியில் இருப்பது மறுபடி மெதுவாக. இப்படிச் செய்தால் இரண்டாவது மோடுக்கு என்ன ஆகிறது? மேல்பாதி ஒலிபரப்பிகள் அதில் வரவு வைப்பதைக் கீழ்பாதி ஒலிபரப்பிகள் பற்று வைத்துவிடுகின்றன. கூட்டினால் பூச்சியம். மூன்றாவதுக்கும் அப்படியே, ஆறாவதுக்கும் அப்படியே. முதல் மோடின் கணக்கில் மட்டும் எல்லாமே வரவு. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிறபோது வருமே ஒரு சந்தோஷம், இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு அது வந்தது.

முழுசாக டேலி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோடின் வால் கொஞ்சம் மணலுக்குள்ளும் நீண்டிருக்கிறது. மணலுக்குள் ஒலிபரப்பி தொங்கவிட முடியாது. அந்தச் சின்னத் தொகை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் நிற்கும். ஒலிபரப்பிகளின் எடைகளை வேறு கணக்கில் திருத்தி அதையும் பெரும்பாலும் சரிக்கட்டலாம்.

இது வெறும் பேப்பர் கணக்கும் இல்லை. 1980இல் அமெரிக்காவில் கிளே, ஹுவாங் இருவரும் ஆய்வகத் தொட்டியில் ஒற்றை மோடை அனுப்பி அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிரான்சில் மார்செய் நகர ஆய்வாளர்களும் ஆழமில்லாக் கடலுக்கு மாதிரியாக ஒற்றை மோடை எழுப்பிய சோதனைகளை வெளியிட்டார்கள். சின்னத் தொட்டி, உயர்ந்த அதிர்வெண். ஆழம் பத்தில் ஒன்றானால் அதிர்வெண்ணைப் பத்து மடங்கு ஏற்றினால் போதும், மோடுகளின் எண்ணிக்கையும் சாய்வும் மாறாது. கடலைத் தொட்டிக்குள் மடித்து வைக்க இது ஒரு அருமையான வசதி.

இந்த வசதியில்தான் என் காமர்ஸ் புத்தி விழித்துக்கொண்டது. வரிசையில் எத்தனை ஒலிபரப்பிகள் வேண்டும்? அரை அலைநீளத்துக்கு ஒன்று என்பது பொது வழக்கு. 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 15 மீட்டர். 100 மீட்டர் ஆழத்துக்கு 13 போதும். அதே ஆழத்தில் 1000 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 133. அதாவது செலவு ஆழத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வருகிற எண்ணோடு ஏறுகிறது. அப்படியானால் 10 மீட்டர் ஆழம், 1000 ஹெர்ட்ஸ்? மறுபடியும் 13தான். இந்த 13 முந்தைய 13ஐவிட ரொம்ப மலிவு, ஏனென்றால் தாழ்ந்த அதிர்வெண் ஒலிபரப்பிகள் பெரிதாகவும் கனமாகவும் இருக்கும், 1000 ஹெர்ட்ஸ்காரன் சின்னவன். ஆழமில்லாமை ஒரு சாபம் என்று எல்லோரும் புலம்புகிற இடத்திலேயே இந்த வித்தை மலிவாகிறது. இதை யாரும் உரக்கச் சொல்லி நான் படிக்கவில்லை.

சாய்வுக் கணக்கிலும் இதே கதை. 100 மீட்டர் கேபிளை அடியில் நங்கூரமிட்டு நிறுத்தினால் நீரோட்டம் அதைச் சாய்க்கும். வெறும் 3 டிகிரி சாய்ந்தாலே மேல்முனை 5 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது, அதாவது அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அழகாகப் போட்ட வரவு பற்றெல்லாம் கலைந்து போகும். 10 மீட்டர் என்றால் கேபிளே வேண்டாம், கெட்டியான ஒரு கம்பத்தில் பொருத்திவிடலாம். துறைமுகத் தூணிலேயே கட்டலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இருக்கின்றன, நியாயமானவைதான். முதலாவது, இது கப்பலுக்கு ஒத்துவராது. நீரை மேலிருந்து கீழ்வரை அடைத்து நிற்கிற வரிசையை இழுத்துக்கொண்டு எந்தக் கப்பலும் வேகமாக ஓட முடியாது. அர்ணாலா மாதிரி கப்பல்களுக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை. துறைமுக வாய், எண்ணெய்த் தளம், கடலடி உணர்கருவிகளிடமிருந்து தகவல் வாங்கும் நிலையம் போன்று ஓரிடத்தில் நிற்கிற வேலைகளுக்குத்தான் இது. இரண்டாவது, கடல் பெக்கரிஸ் சொன்ன கடல் மாதிரி அடக்கமாக இருப்பதில்லை. கோடையில் மேல்நீர் சூடாகும், மோடின் உருவம் மாறும். ஓதத்தில் அரை மீட்டர் ஏறினால் 10 மீட்டர் ஆழத்தில் 5 சதவீதம் மாறிப்போகிறது. அடி மேடுபள்ளமாக இருந்தால் சுத்தமாக அனுப்பிய முதல் மோடு வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மற்ற மோடுகளாகச் சிதையும். ஒலிபரப்பிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் அழுத்தம் இன்னொன்றைப் பாதிக்கும்.

இரண்டாவதைத்தான் பலரும் பெரிய தடையாகச் சொல்கிறார்கள். எனக்கோ அங்கேதான் நல்ல பதில் இருப்பதாகப் படுகிறது. கடலை முழுசாக அளந்து, கணித்து, பிறகு பேசுவது என்று உட்கார்ந்தால் அளந்து முடிப்பதற்குள் கடல் மாறிவிடும். கடலையே கேட்டுவிடலாமே! எம்.ஐ.டி.யும் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஆய்வுத் திட்டத்தில், 1996இல் ஜான் பக் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வில் எடுத்துக்கொண்டது இதைத்தான். தூரத்தில் ஒரு கேட்கும் வரிசை. வந்து சேர்ந்ததில் எந்த மோடு எவ்வளவு என்று அது பார்க்கிறது. அதை வைத்து அனுப்பும் வரிசையின் எடைகளைத் திருத்துகிறார்கள். மறுபடி அனுப்பு, மறுபடி கேள், மறுபடி திருத்து. கடலின் குணம் முழுசாகத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

அதே 1996இல் இத்தாலியின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலிலேயே ஒரு சோதனை நடந்தது. இது ஒற்றை மோடுக்கான சோதனை இல்லை, ஆனால் கருவி நம் கருவிதான். கூப்பர்மன் குழுவினர் மேலும் கீழுமாக நிறுத்திய ஒரு வரிசையை வைத்தார்கள். 6.3 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு ஒலிபரப்பி 445 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பை அனுப்பியது. அது வழக்கம்போல ஊர்வலமாக நீண்டு வந்தது. வரிசை அதை அப்படியே பதிந்து, கடைசியில் வந்ததை முதலில் என்று காலத்தைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பியது. பின்தங்கிய மோடு முன்னால் புறப்பட்டது, முந்தி வந்தது பின்னால் புறப்பட்டது. கிளம்பிய இடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து மறுபடி ஒற்றைத் துடிப்பாகக் குவிந்தது. கடலின் கோணல்மாணலை யாரும் கணக்கிடவில்லை. கடலே சொன்னது, இவர்கள் திருப்பிச் சொன்னார்கள். படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆகவே வடிவத்துக்கு ஒதுக்கிய பணத்திலும் பாதியைக் கேட்கும் பக்கத்தில் போட வேண்டும் என்பேன். பட்ஜெட் போடுகிறவர்களுக்கு இது பிடிக்காது. பெரிய ஆம்ப்ளிஃபையரைக் காட்டிக் காசு கேட்பது சுலபம், கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற ஒரு கம்பிக்கு எப்படிக் கேட்பது?

சத்தத்தைக் கூட்டுகிற பழக்கத்துக்கு வேறொரு விலையும் உண்டு. 2000 மார்ச்சில் பகாமாஸ் தீவுகளில் திமிங்கிலங்களும் ஒரு டால்பினுமாக 17 உயிர்கள் கரை ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையும் நோவாவும் சேர்ந்து 2001இல் வெளியிட்ட அறிக்கை கடற்படையின் சோனாரையே காரணமாகக் காட்டியது. அது ஆழமான கடல், வேறு அதிர்வெண், கப்பல் சோனார். ஒற்றை மோடு இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று கதை விடமாட்டேன்.

ஆனால் நம் பக்கத்தில் பாக் விரிகுடா இருக்கிறது. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம், இந்தக் கணக்குகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அங்கேதான் ஆவுளியா மேய்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று காப்பகமாக அறிவித்தார்கள். அடியில் போய்க் கடற்புல் மேய்வதும் மூச்சுவிட மேலே வருவதும்தான் அதன் நாள் முழுக்க வேலை. 10 மீட்டர் ஆழம், மணல் அடி, 1000 ஹெர்ட்ஸ், முதல் மோடு மட்டும் என்று போட்டுப் பார்த்தேன். மணலின் அடர்த்தியை நீரைப்போல 1.8 மடங்கு என்று எடுத்துக்கொண்டேன். உச்சம் ஐந்தரை மீட்டரில் வருகிறது. நீர்மட்டத்தில் பூச்சியம். கடலடியில் ஒலியின் வலிமை உச்சத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. மேயும் இடமும் மூச்சுவிடும் இடமும் ஓரளவு அமைதி, இடையில் கடந்து போகிற நீரில் மட்டும் சத்தம். ஆறாவது மோடை எழுப்பினால் கடலடியில் ஏறக்குறைய உச்சமே விழுகிறது.

இது வரிசையிலிருந்து தள்ளி இருக்கிற நீருக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. கம்பத்துக்குப் பக்கத்தில் மோடுகள் இன்னும் பிரிந்திருக்காது. அடி சேறாக இருந்தால் எண்கள் மாறும். பாக் விரிகுடாவில் சேறும் நிறைய இடங்களில் உண்டு. அங்கே யாராவது நீருக்கடியில் ஒலிபரப்பி வைக்கப் போகிறார்கள் என்றால், எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மோடு என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அந்தக் கருவி இன்னும் கல்யாண மண்டபத்தில்தான் இருக்கிறது.